சொல்லுக்குப் பொருள் கேட்ட பண்டிதர்

ஆலத்தியூர் பக்கம் ஒரு காலனிக்குப் போயிருந்தோம். சிமெண்ட் லாரிகள் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற சின்னத் தெரு. மின்கம்பத்தில் ஒட்டியிருந்த ஓர் அறிவிப்பை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அப்பாயிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். புல எண், உட்பிரிவு, வகைப்பாடு மாற்றம், ஆட்சேபணை என்று எந்தச் சொல்லிலும் நாக்குத் தடுமாறவில்லை. நம் பிள்ளைகள் இவ்வளவு நன்றாகப் படிக்கிறார்களே என்று நமக்குச் சந்தோஷம்தான்.

படித்து முடித்ததும் அப்பாயி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதில் நமக்கு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பையன் விழித்தான். பிறகு மறுபடியும் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினான், இந்த முறை கொஞ்சம் சத்தமாக.

அந்த அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் படிப்பு எதற்கு என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கேள்வியைத்தான் நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மனிதர் தம் ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அயோத்திதாசப் பண்டிதர்.

பண்டிதர் 1845 மே 20 அன்று பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். அப்பா பெயர் கந்தசாமி. தாத்தா கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். சமையல்கட்டில் வேலை பார்த்த அந்தத் தாத்தாவின் வீட்டில் ஓலைச்சுவடிகள் இருந்தன. திருக்குறள் ஓலையையும் நாலடியார் முதலான வேறு ஓலைகளையும் அவர் தம் துரை மூலமாக எல்லிஸ் துரைக்குக் கொடுத்தார், அதற்குப் பிறகே அவை அச்சுக்குப் போயின என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். சேரிக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை என்று இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் இந்த ஒரு வீட்டின் கதையையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

குடும்பம் நீலகிரிக்குப் போனது. சிறுவன் காத்தவராயனுக்குத் தமிழும் சித்த மருத்துவமும் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் பெயர் வல்லகாளத்தி அயோத்திதாச கவிராஜ பண்டிதர். அந்த ஆசிரியர் மீதிருந்த மரியாதையால் அவர் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார் மாணவர். இன்று நாம் சொல்லும் அயோத்திதாசர் என்ற பெயர் உண்மையில் ஒரு வாத்தியாரின் பெயர். வைத்தியம் பார்த்துப் பிழைத்தார். தமிழோடு ஆங்கிலம், சமஸ்கிருதம், பாலி மொழிகளையும் கற்றார். 1870இல் நீலகிரியில் அத்வைதானந்த சபை என்ற ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 25. மதம் வழியாகவே சாதியைத் தாண்டிவிடலாம் என்று நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை.

1885இல் ஜான் ரத்தினம் என்ற பாதிரியாரோடு சேர்ந்து 'திராவிடப் பாண்டியன்' என்ற இதழை நடத்தினார். 1891 டிசம்பர் 1 அன்று ஊட்டியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். பத்துத் தீர்மானங்கள். பறையன் என்று இழிவாகச் சொல்லிக் கூப்பிடுவதைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும், நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்க உரிமை வேண்டும், படித்தவர்களுக்கு வேலை வேண்டும் என்றெல்லாம் கேட்டன அந்தத் தீர்மானங்கள். அம்பேத்கர் பிறந்ததும் அதே 1891ஆம் ஆண்டில்தான் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மறு ஆண்டு 1892இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபையின் கூட்டம். நீலகிரி சார்பில் பண்டிதர் போயிருந்தார். விஷ்ணு கோயிலுக்குள்ளும் சிவன் கோயிலுக்குள்ளும் எங்களை ஏன் விடவில்லை என்று எழுந்து கேட்டார். சபையில் கூச்சல். சிவநாம சாஸ்திரி என்பவர் எழுந்து, உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்கிற விதமாகப் பதில் சொன்னார். வேறொருவராக இருந்தால் அழுதிருப்பார், அல்லது அடித்திருப்பார். பண்டிதர், அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசமாகப் படிப்புக் கொடுங்கள், ஏழைகளுக்குத் தரிசு நிலம் கொடுங்கள் என்று பேச்சை அப்படியே திருப்பினார். அந்தக் கோரிக்கைகள் தீர்மானமாக ஏற்கப்பட்டன. இதையும் பண்டிதர்தான் பிற்காலத்தில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

படிப்பையும் நிலத்தையும் அவர் ஒரே மூச்சில் கேட்டதை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதே 1892இல், செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, வெள்ளை அரசு நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை போட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அந்த நிலத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட மக்களைத் தவிர வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது. நிபந்தனை தாளில் தெளிவாக இருந்தது. ஆனால் அந்தத் தாளை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தவர்களுக்கு அது எழுத்து மட்டும்தான். பின்னால் கடனுக்கும் கல்யாணத்துக்கும் வேறொருவர் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தார்கள். நிலம் போய்விட்டது. கிராம நிர்வாக அலுவலகத்து 'அ' பதிவேட்டில் இன்றும் அந்த நிலங்களுக்கு நேரே நிபந்தனை நிலம் என்ற குறிப்பு பல ஊர்களில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பொருள் புரிந்துகொண்ட ஒரு பிள்ளை வீட்டில் இருந்திருந்தால் எத்தனை ஏக்கர் நம் கையை விட்டுப் போகாமல் இருந்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கூட்டத்தில் கேட்டதோடு பண்டிதர் நிற்கவில்லை. கர்னல் ஆல்காட் என்ற அமெரிக்கர் அடையாற்றில் பிரம்மஞான சபையை நடத்திவந்தார். நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகளை அவர் 1894 முதல் தொடங்கினார். அதற்குப் பின்னாலிருந்து உழைத்தவர்களில் பண்டிதர் முக்கியமானவர். 1898இல் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய், கொழும்பில் சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956இல். அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் அந்த வழியில் நடந்துவிட்டார்.

இனி அவருடைய பத்திரிகைக்கு வருவோம். நாம் சொல்ல வந்ததன் மையம் அங்கேதான் இருக்கிறது.

1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழ் வந்தது. நான்கு பக்கம். விலை, பெயரிலேயே இருக்கிறது. அப்போது 64 பைசா சேர்ந்தால் ஒரு ரூபாய். கூலிக்காரரும் வாங்கட்டும் என்பதற்காக வைத்த விலை அது. ஓராண்டுக்குப் பிறகு வாசகர்கள் கேட்டதால் 'ஒரு பைசா' போய் 'தமிழன்' மட்டும் நின்றது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள், பெங்களூர், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று பிழைக்கப் போனவர்கள் அதைப் படித்தார்கள். சங்கத்தின் கிளைகள் அந்த ஊர்களிலும் ஏற்பட்டன. வாசகர்கள் கேள்வி எழுதி அனுப்புவார்கள், பண்டிதர் பதில் எழுதுவார். ஒரு சொல்லுக்கு என்ன பொருள், ஒரு பண்டிகை எப்படி வந்தது, ஒரு கதையை யார் கட்டிவிட்டார்கள் என்பது போன்ற கேள்விகள். ஒரு வகையில் அது தபாலில் வந்த பள்ளிக்கூடம்.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் ஔவையின் நீதி வரிகளையும் குறளையும் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். ஒப்பித்தால் போதும், பொருள் பிறகு தானாக வரும் என்று வாத்தியார் சொல்வார். பலருக்கு அது கடைசி வரை வராது. பண்டிதர் அந்தப் பழைய பாடங்களையே கையில் எடுத்தார். ஆத்திசூடிக்கு வாரா வாரம் உரை எழுதினார். அந்த நூலின் பெயரே ஆத்திச்சுவடி என்றுதான் இருக்க வேண்டும் என்றார். குறளுக்கும் உரை எழுதினார். அதைப் பௌத்த நூலாகவே வாசித்தார். தீபாவளியும் கார்த்திகைத் தீபமும் போகியும் பௌத்தர்களின் விழாக்கள் என்றார். நமக்குச் சொல்லப்பட்ட கதைகளை அப்படியே விழுங்காமல், இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, இதனால் லாபம் யாருக்கு என்று கேட்பதுதான் அவர் படித்த முறை.

பறையர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பறைதல் என்றால் சொல்லுதல். பொய் வேடம் போட்டவர்களைப் பற்றி ஊருக்குப் பறைந்தவர்கள், அதனால் பகையும் பழியும் ஏற்றவர்கள் என்று அவர் அதற்குப் பொருள் சொன்னார். இந்த இடத்தில் ஒரு சுவையான சங்கதி உண்டு. இரட்டைமலை சீனிவாசன் பண்டிதருக்கு மைத்துனர். அவரும் பத்திரிகை நடத்தினார். 1893இல் தொடங்கிய அந்தப் பத்திரிகைக்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தப் பெயரால் இழிவுபடுத்துகிறார்களோ அதே பெயரில் தலைநிமிர்ந்து நிற்போம் என்பது சீனிவாசனின் கட்சி. அந்தப் பெயரை ஏற்கவே கூடாது, அதற்கு முந்தைய பெயரைத் தேடுவோம் என்பது பண்டிதரின் கட்சி. மைத்துனர்கள் இருவருக்கும் ஒரே சொல்லின் பொருளைப் பற்றி இப்படி ஒரு கருத்து வேறுபாடு. இருவரில் யார் பக்கம் என்று நம்மைக் கேட்டால், இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள் என்றுதான் சொல்வோம்.

தாழ்ந்தவர், தாழ்த்தப்பட்டவர் என்ற இரண்டு சொற்களையும் அவர் பிரித்துப் பார்த்தார். இலக்கணம் படிக்கிற மாணவர்கள் இதைக் கவனியுங்கள். தாழ்ந்தவர் என்றால் அவராகவே தாழ்ந்துபோனவர். தாழ்த்தப்பட்டவர் என்றால் தாழ்த்தியவர் ஒருவர் இருக்கிறார் என்று பொருள். செயப்பாட்டு வினை என்று வகுப்பில் பாடமாகப் படிக்கிறோமே, அதற்குள் இவ்வளவு பெரிய வரலாறு ஒளிந்திருக்கிறது. 1881இலும் அதற்குப் பிறகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோதெல்லாம் நம் மக்களை எந்தப் பெயரில் பதிய வேண்டும் என்று அவர் சண்டை போட்டதற்கும் இதுதான் காரணம். ஒரு படிவத்தில் நிரப்புகிற ஒரு சொல் ஒரு மக்களின் பிழைப்பைத் தீர்மானிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் சொன்னதெல்லாம் சரியா என்றால், இல்லை. அவர் சொன்ன சொல்மூலங்கள் பலவற்றை மொழி அறிஞர்கள் ஏற்பதில்லை. இந்தியா என்ற பெயர் இந்திரரிலிருந்து வந்தது, இந்திரர் என்றால் ஐம்புலன்களையும் வென்ற புத்தர் என்பது அவர் சொன்ன விளக்கம். சிந்து நதியின் பெயரிலிருந்து வந்தது என்றே வரலாற்றுப் புத்தகங்கள் சொல்கின்றன. இதைவிட வருத்தமான குறை ஒன்றும் உண்டு. தாழ்த்தப்பட்டவர் என்ற வட்டத்துக்குள் துப்புரவுத் தொழில் செய்த மக்கள் உள்ளிட்ட சிலரை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை, அவர்களைத் தாழ்ந்தவர் என்ற பக்கத்திலேயே விட்டுவிட்டார் என்ற விமர்சனம் நம் ஆட்களிடமிருந்தே வந்திருக்கிறது. அந்த விமர்சனம் நியாயமானது. அதை மூடி மறைத்து அவருக்கு மாலை போடுவது நமக்கு வேண்டாம். எதையும் கேள்வி கேட்டுப் படி என்றவரை நாமும் கேள்வி கேட்டே படிப்போம்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். பத்தியைப் படித்து விடை எழுதுக என்று தேர்வில் ஒரு கேள்வி வரும். அதற்கு நம் பிள்ளைகள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படித்தான் எழுதினோம். கேள்வியில் இருக்கிற சொல் பத்தியில் எந்த வரியில் வருகிறதோ அந்த வரியை அப்படியே பார்த்து எழுதிவிடுவது. முழு மதிப்பெண் கிடைக்கும். பத்தி எதைப் பற்றியது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வாத்தியார்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே அறையில் பல வகுப்புகளை வைத்துக்கொண்டு, பாடத்தையும் முடித்து, பதிவேடுகளையும் நிரப்புகிறவருக்கு ஒவ்வொரு பிள்ளையிடமும் உட்கார்ந்து பொருள் கேட்க நேரம் எங்கே இருக்கிறது? ஆனால் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற பிள்ளைக்கு அந்தக் குறை எப்படியாவது நிரம்பிவிடும். காலனிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் எல்லாம். அங்கே கிடைக்காவிட்டால் வேறு எங்கும் கிடைக்காது.

பிரேசில் நாட்டில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்று ஓர் ஆசிரியர் இருந்தார். 1963இல் அங்கிகோஸ் என்ற வறண்ட ஊரில் சுமார் 300 கூலித் தொழிலாளிகளுக்குச் சில வாரங்களில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். அகரவரிசையை ஒப்பிக்கவைக்காமல் அவர்கள் நாளும் புழங்குகிற சொற்களிலிருந்து தொடங்கினார். செங்கல் என்ற சொல்லைப் படிக்கும்போதே, செங்கல் சுமக்கிற நமக்கு ஏன் வீடு இல்லை என்ற பேச்சும் வகுப்பில் வந்துவிடும். அந்த நாட்டில் அப்போது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓட்டு கிடையாது. மறு ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஃப்ரெய்ரேயைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். வெறுமனே எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்திருந்தால் அவரை யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். நம் ஊரிலும் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இப்படித்தான் நடந்தது. பக்கத்துப் புதுக்கோட்டையில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டப் பழகியது அந்தக் காலத்தில்தான். அன்று அறிவொளியில் படித்த அக்காமார் பலர் இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

பண்டிதர் 1914 மே 5 அன்று காலமானார். கடைசி வரை பத்திரிகை வேலை பார்த்தார். குறளுக்கு எழுதிவந்த உரை பாதியில் நின்றுபோனது. மகன் பட்டாபிராமன் இதழைத் தொடர்ந்தார். பிறகு கோலார் தங்கவயலில் அப்பாதுரையார் அதை நடத்தினார். அதற்கப்புறம் நெடுங்காலம் பேச்சுமூச்சு இல்லை. நாம் படித்த காலத்துப் பாடப் புத்தகத்தில் அவர் பெயர் கிடையாது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட பிறகுதான் அவருடைய எழுத்துகள் பலருக்கும் கிடைத்தன. 2005இல் தபால் தலை வந்தது. 2023இல் சென்னை கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். அவருடைய தமிழ் பழைய நடை. முதல் பக்கத்தில் தடுமாறும். பத்துப் பக்கம் தாண்டினால் பிடிபட்டுவிடும். கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர்கள் பொருள் கேட்டால் இன்னும் சுலபம்.

மின்கம்பத்து அறிவிப்புக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தப் பையனையும் அப்பாயியையும் வைத்துக்கொண்டு நாம் திண்ணையில் உட்கார்ந்தோம். புல எண் என்றால் என்ன என்று முதலில் பார்த்தோம். பக்கத்து வீட்டு அண்ணன் கைப்பேசியில் அந்த எண்ணைத் தேடி நில வரைபடத்தை எடுத்தார். பையன் வரைபடத்தில் ஓடையைக் கண்டுபிடித்தான், பிறகு புளியமரத்துத் திருப்பத்தை, அப்புறம் அந்த எண்ணை. அது அவர்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற பாதை. அறிவிப்பில் பாதை என்ற சொல்லோ சுடுகாடு என்ற சொல்லோ எங்குமே இல்லை. எண் மட்டும்தான் இருந்தது. வகைப்பாடு மாற்றம் என்றால் அது இனிமேல் பாதையாக இருக்காமல் போகலாம் என்று பையனே சொன்னான். கடைசி வரியை மறுபடி படித்தான். குறித்த நாளுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்காவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும். சும்மா இருந்தால் சம்மதம் என்று ஆகிவிடுமா என்று அப்பாயி கேட்டார். ஆமாம் அப்பாயி என்றான்.

நாள் முடிய ஆறு நாட்கள் இருந்தன. கோடு போட்ட நோட்டிலிருந்து தாளைக் கிழித்து அவனே எழுதினான். பாதை எத்தனை காலமாக இருக்கிறது, யார் யாரை அந்த வழியாகத் தூக்கிப் போனோம் என்று அப்பாயி சொல்லச் சொல்ல எழுதினான். இரண்டு இடத்தில் ஒற்றுப்பிழை இருந்தது, நாம் திருத்தவில்லை. தெருவில் 31 பேர் கையெழுத்துப் போட்டார்கள். அப்பாயி கைநாட்டு வைப்பதற்கு முன்னால், எழுதியதை ஒரு தடவை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நடுவில் இரண்டு முறை நிறுத்தி விளக்கம் கேட்டார். மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.